கூஃபாக்ஸின் முதல் ஆறு ஆண்டுகள்: 36 வெற்றி, 40 தோல்வி, 405 வாக்

1960 சீசனின் கடைசி ஆட்டம் முடிந்ததும் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியின் இடக்கைப் பந்துவீச்சாளர் சாண்டி கூஃபாக்ஸ் தன் கையுறையையும் ஸ்பைக் காலணியையும் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். அப்போது அவருக்கு வயது 24. அமெரிக்க பேஸ்பாலின் உச்ச நிலையான மேஜர் லீகில் ஆறு சீசன்கள் ஆடி முடித்திருந்தார். கணக்கு: 36 வெற்றி, 40 தோல்வி. ஒரு மின்னணுப் பொருள் வியாபாரத்தில் கொஞ்சம் பணம் போட்டு வைத்திருந்தார். பேஸ்பால் வேண்டாம், அதைப் பார்த்துக்கொள்ளலாம் என்கிற யோசனை அவருக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த ஆறு சீசன்களில் அதே ஆள் 129 ஆட்டங்களை வென்றார், 47-ல் தோற்றார். சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருதை மூன்று முறை வாங்கினார். நான்கு முறை எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் முழு ஆட்டத்தையும் முடித்தார். 1972-ல், 36 வயதில், பேஸ்பாலின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்வானார்.

இந்த மாற்றத்துக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் ஒன்றுதான். 1961 மார்ச்சில் ஒரு பயிற்சி ஆட்டத்தில் கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவர்) நார்ம் ஷெர்ரி, 'வேகத்தைக் கொஞ்சம் குறை' என்றாராம், கூஃபாக்ஸ் குறைத்தாராம், எல்லாம் சரியாகிவிட்டதாம். அந்தப் பேச்சு நடந்தது உண்மை, அதன் பலனும் உண்மை. ஆனால் ஒரு வாக்கியத்தில் தீர்கிற சிக்கல் ஏன் ஆறு வருடம் தீராமல் கிடந்தது? கூஃபாக்ஸின் ஆரம்ப காலத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க வைப்பது எனக்கு இந்தக் கேள்விதான். இதற்கான பதிலில் ஒரு விதி இருக்கிறது, ஒரு மேலாளரின் அவசரம் இருக்கிறது, 19 வயதுப் பையன் தன் முதல் நாளிலேயே தப்பாகப் படித்துக்கொண்ட ஒரு பாடமும் இருக்கிறது.

கிரிக்கெட் மட்டும் பார்த்துப் பழகியவர்களுக்குச் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். பேட்டர் அடிக்கக்கூடிய எல்லைக்குள் வருகிற பந்து ஸ்ட்ரைக். அந்த எல்லைக்கு வெளியே போய், பேட்டரும் மட்டையைச் சுற்றாமல் விட்டால் அது பால். மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் பேட்டர் அவுட். நான்கு பால் ஆகிவிட்டால் அவர் ஒன்றுமே செய்யாமல், ரன் எடுக்க ஓடும் பாதையின் முதல் நிறுத்தமான முதல் பேஸுக்கு நடந்து போய்விடலாம். அதற்குப் பெயர் வாக். பந்தை அடித்துப் பத்திரமாக பேஸை அடைந்தால் அது ஹிட். மூன்று பேர் அவுட் ஆனால் இன்னிங்ஸ் முடியும். பந்துவீச்சாளரின் தரத்தைப் பார்க்க ஈ.ஆர்.ஏ. என்று ஓர் அளவு உண்டு: ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக அவர் பொறுப்பில் எதிரணி எடுத்த ரன் எத்தனை என்பது. குறைய குறைய நல்லது.

கூஃபாக்ஸ் 1935 டிசம்பர் 30 அன்று நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். சிறுவயதில் பேஸ்பால் அவருக்கு இரண்டாம் பட்சம்தான். லஃபாயெட் உயர்நிலைப் பள்ளியில் கூடைப்பந்து அணிக்குத் தலைவராக இருந்தார். பள்ளியின் பேஸ்பால் அணியில் அவர் நின்ற இடம் முதல் பேஸ். அவர் பந்தை எறிகிற வேகத்தைக் கவனித்து, நீ வீசிப் பார் என்று பிட்ச்சராக்கியது உள்ளூர் இளைஞர் லீகில் ஓர் அணியை நடத்திவந்த மில்ட் லாரி என்பவர். கல்லூரிக்குப் போனதும் கூடைப்பந்தை நம்பித்தான். சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் 1954 வசந்தத்தில் பேஸ்பால் அணியிலும் சேர்ந்தார். அங்கே 32 இன்னிங்ஸ் வீசி 51 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார், 30 பேருக்கு வாக் கொடுத்தார்.

பிற்பாடு நடந்தது முழுவதும் இந்த இரண்டு எண்களிலேயே இருக்கிறது. அடிக்கவே முடியாத வேகம், எங்கே போகும் என்று வீசுபவருக்கே தெரியாத பந்து. மேஜர் லீக் அணிகளின் சோதனைகளிலும் இதுதான் நடந்தது. நியூயார்க் ஜயண்ட்ஸ் சோதனைக்கு அழைத்தபோது பந்து கேட்சரின் தலைக்கு மேலே பறந்தது. பிட்ஸ்பர்க் பைரட்ஸ் சோதனையில் பந்தைப் பிடித்த பயிற்சியாளர் சாம் நாரனின் கட்டைவிரல் உடைந்தது. அப்போது பைரட்ஸின் பொறுப்பில் இருந்தவர் பிராஞ்ச் ரிக்கி. நவீன மேஜர் லீகின் முதல் கறுப்பின ஆட்டக்காரரான ஜாக்கி ராபின்சனைக் கொண்டுவந்த அதே ரிக்கி. இப்படி ஒரு கையை நான் பார்த்ததே இல்லை என்று அவர் சொன்னார். ஆனால் பைரட்ஸ் பணத்தோடு வருவதற்குள் டாட்ஜர்ஸுடன் பேச்சு முடிந்திருந்தது. 1954 டிசம்பரில் கையெழுத்து: சம்பளம் 6,000 டாலர், கையெழுத்துப் போனஸ் 14,000 டாலர்.

அந்த 14,000-தான் வினை.

அன்றைக்கு போனஸ் விதி என்று ஒன்று இருந்தது. புதிதாகச் சேரும் ஆட்டக்காரருக்கு 4,000 டாலருக்கு மேல் போனஸ் கொடுத்தால், அவரை இரண்டு வருடம் மேஜர் லீக் அணியிலேயே வைத்திருக்க வேண்டும். இளம் ஆட்டக்காரர்கள் ஆடிப் பழகும் கீழ்நிலை லீகான மைனர் லீகுக்கு அனுப்பினால் வேறு அணி அவரை எடுத்துக்கொள்ளலாம். பணக்கார அணிகள் இளம் திறமைகளையெல்லாம் வாங்கித் தங்கள் கிளை அணிகளில் அடுக்கிவைத்துக்கொள்ளக் கூடாது என்பது நோக்கம். நோக்கம் நியாயமானது. ஆனால் அதன் சுமை விழுந்தது அணியின் மேல் இல்லை, பையன் மேல்.

இந்த விதி எவ்வளவு கூர்மையானது என்று டாட்ஜர்ஸுக்கு அப்போதுதான் புரிந்திருந்தது. 1954 பிப்ரவரியில் அவர்கள் ராபர்ட்டோ கிளெமென்டே என்ற போர்ட்டோ ரிக்கோ இளைஞரை 10,000 டாலர் போனஸுக்கு எடுத்து, மாண்ட்ரியலில் இருந்த தங்கள் மைனர் லீக் அணியில் ஆடவைத்தார்கள். அந்த நவம்பரிலேயே பைரட்ஸ் அவரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. கிளெமென்டே பிட்ஸ்பர்க்கில் 3,000 ஹிட் அடித்தார். அவரை இழந்து ஒரு மாதத்துக்குள் கூஃபாக்ஸ் கையெழுத்துப் போடுகிறார். இவரையும் மாண்ட்ரியலுக்கு அனுப்ப எந்த நிர்வாகம் துணியும்?

ஆக, மைனர் லீகில் ஒரு பந்துகூட வீசாத 19 வயதுப் பையன் நேராக, அப்போது புரூக்ளினில் இருந்த டாட்ஜர்ஸ் அணியில் போய் உட்கார்ந்தார். அது அந்த ஊர் அணி, மேஜர் லீகின் இறுதிப் போட்டியான உலகத் தொடரை முதல்முறையாக வெல்லப்போகிற வருடம். டான் நியூகோம், கார்ல் எர்ஸ்கின், ஜானி போட்ரஸ் என்று பந்துவீச்சு வரிசை நிரம்பியிருந்தது. ஆரம்பத்தில் கணுக்கால் காயம் என்று கூஃபாக்ஸைக் காயப்பட்டோர் பட்டியலில் வைத்துச் சமாளித்தார்கள். ஜூனில் அது முடிந்து இடம் கொடுத்தே ஆக வேண்டும் என்றபோது, மைனர் லீகில் பல வருடம் உழைத்து மேலே வந்திருந்த டாமி லசோர்டாவைத் திருப்பி அனுப்பினார்கள். பின்னாளில் இதே டாட்ஜர்ஸுக்கு மேலாளராகி இரண்டு உலகத் தொடர்களை வென்ற லசோர்டாதான் அவர்.

ஒரு மூத்த ஆளின் சோற்றில் கை வைத்துத் தனக்கு இடம் வந்திருக்கிறது என்று அந்தப் பையனுக்கும் தெரியும், அறையில் இருந்த மற்றவர்களுக்கும் தெரியும். நம்மைச் சமாளித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்த இடத்தில் நிதானமாகக் கற்றுக்கொள்வது யாருக்குமே கஷ்டம்.

1955 ஜூன் 24, மில்வாக்கி. பிரேவ்ஸ் 7-1 என்று முன்னிலையில் இருக்கிறது. ஐந்தாவது இன்னிங்ஸில் கூஃபாக்ஸை அனுப்புகிறார்கள். முதல் பேட்டர் ஜானி லோகன்; மட்டையில் சரியாகப் படாத பந்து கள வீரர்களுக்கு நடுவே விழுந்து ஹிட் ஆகிறது. அடுத்து எடி மேத்யூஸ். பந்தைத் தட்டிவிட்டு ஓடுகிறார். கூஃபாக்ஸ் அதை எடுத்து எறிந்த எறி சென்டர் ஃபீல்டுக்குப் போய்விடுகிறது. மூன்றாவது ஹாங்க் ஆரன். நான்கு பந்து, நான்கும் வெளியே, வாக். இப்போது மூன்று பேஸிலும் ஆள், யாரும் அவுட் இல்லை, எதிரே பாபி தாம்சன். மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக் என்று நுனிவரை போகிறது. தன்னிடம் இருந்த பலத்தையெல்லாம் திரட்டி ஒரு வேகப்பந்து போடுகிறார். தாம்சன் ஸ்ட்ரைக் அவுட்.

மேஜர் லீகில் அவருடைய முதல் ஸ்ட்ரைக் அவுட் அது. தனக்கு நேர்ந்திருக்கக்கூடிய ஆக மோசமான விஷயம் அதுவாகத்தான் இருக்கும் என்று பிற்காலத்தில் கூஃபாக்ஸே சொல்லியிருக்கிறார். ஏனென்றால் அன்றைக்கு அவர் கற்றுக்கொண்டது: மாட்டிக்கொண்டால் இன்னும் வேகமாக வீசு. அதற்கப்புறம் ஐந்து வருடம், எப்போது சிக்கினாலும் இன்னும் வேகம், இன்னும் வேகம் என்றே போனார்.

அந்த இன்னிங்ஸ் எப்படி முடிந்தது என்பதைப் பலரும் சொல்வதில்லை. தாம்சனுக்கு அடுத்து வந்தவர் ஜோ ஆட்காக். அவர் பந்தைத் தரையோடு அடித்தார். டாட்ஜர்ஸ் உள்வட்ட ஆட்டக்காரர்கள் அதை எடுத்து ஒரே அடியில் இரண்டு பேரை அவுட் ஆக்கினார்கள். இன்னிங்ஸ் முடிந்தது, ரன் ஒன்றும் இல்லை. தாம்சனுக்குக் குறைந்தது ஆறு பந்து வீசி, உடம்பில் இருந்ததையெல்லாம் செலவழித்து வாங்கியது ஒரு அவுட். ஆட்காக்கை அடிக்கவிட்டதில் கிடைத்தது இரண்டு அவுட். இரண்டு பாடமும் சில நிமிட இடைவெளியில், பந்துவீசுகிற ஒரே மேட்டில் நின்றிருந்த ஒரே பையனுக்கு முன்னால் நடந்தன. அவருக்குள் பதிந்தது முதலாவது. 19 வயதில் யாருக்குத்தான் வேறு மாதிரி பதியும்? பக்கத்தில் இருந்து, அந்த இரண்டாவதைப் பார்த்தாயா என்று கேட்கிற வேலைதான் மைனர் லீக் பயிற்சியாளருடைய வேலை.

ஜூலை 6 அன்று முதல்முறையாக ஆட்டத்தைத் தொடங்கி வீசினார். ஐந்து இன்னிங்ஸ்கூட முடிவதற்குள் எட்டு வாக். அப்புறம் ஆகஸ்ட் 27, சின்சினாட்டிக்கு எதிராக: இரண்டே ஹிட், 14 ஸ்ட்ரைக் அவுட், எதிரணிக்கு ரன்னே கிடையாது. அந்த வருடம் அவர் வென்றது இரண்டே ஆட்டம், இரண்டிலுமே எதிரணிக்குப் பூஜ்ஜியம். மொத்தம் 41 இன்னிங்ஸ் சொச்சம்தான் வீசவிட்டார்கள். உலகத் தொடரில் அவரை மேட்டுக்கே அனுப்பவில்லை. டாட்ஜர்ஸ் கோப்பையை வென்ற அக்டோபர் 4 அன்று, ஏழாவது ஆட்டம் முடிந்த கையோடு, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தான் சேர்ந்திருந்த கட்டடக்கலை வகுப்புக்குப் போனார் கூஃபாக்ஸ்.

மேலாளர் வால்டர் ஆல்ஸ்டனைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். 23 வருடம் டாட்ஜர்ஸை நடத்தினார். 23-ம் ஓராண்டு ஒப்பந்தங்கள். இந்த வருடம் ஜெயிக்கவில்லை என்றால் அடுத்த வருடம் வேலை இருக்குமா என்பது நிச்சயமில்லாத நாற்காலி. லீக் பட்டம் ஜெயிக்கப் போராடும் அணியில், எந்த நேரத்தில் எட்டு வாக் கொடுப்பான் என்று தெரியாத பையனை நான்கு நாளுக்கொரு முறை வீசவிட அவருக்கு மனம் வரவில்லை. அவர் நிலையில் இருந்து பார்த்தால் புரிகிறது. ஆனால் அணியில் இருந்த ஜாக்கி ராபின்சனுக்கு அது பொறுக்கவில்லை. தன் கடைசி சீசனான 1956-ல், கூஃபாக்ஸைப் பயன்படுத்தாமல் வைத்திருப்பது பற்றி ஆல்ஸ்டனோடு மோதியிருக்கிறார். அந்த வருடமும் 58 இன்னிங்ஸ்தான், 30 ஸ்ட்ரைக் அவுட், 29 வாக்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது 1957. மே மாதத்தில் போனஸ் விதியின் இரண்டு வருடம் முடிந்தது. இனி அவரை மைனர் லீகுக்கு அனுப்பலாம் என்ற நிலை வந்த உடனேயே, மே 16 அன்று, சிகாகோ கப்ஸுக்கு எதிராக 13 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்து முழு ஆட்டத்தையும் முடித்தார். கிட்டத்தட்ட இரண்டு வருடத்தில் அவருடைய முதல் முழு ஆட்டம். முதல்முறையாகத் தொடக்கப் பந்துவீச்சாளர் சுழற்சியில் அவருக்கு இடம் கிடைத்தது. எவ்வளவு நாள்? இரண்டு வாரம். அடுத்த ஐந்து ஆட்டங்களில் மூன்றை வென்றார். அந்த ஓட்டத்தில் ஈ.ஆர்.ஏ. 2.90. அதன் பிறகு 45 நாள் அவருக்குத் தொடக்க வாய்ப்பே கொடுக்கவில்லை.

அந்தச் சீசனில் அவர் வீசிய 104 இன்னிங்ஸில் 122 ஸ்ட்ரைக் அவுட். ஒன்பது இன்னிங்ஸுக்கு 10.5 என்று ஆகிறது. வாக் 4.4. அதுவரையிலான அவர் வாழ்க்கையில் மிகக் குறைவான வாக் விகிதம் அந்த வருடம்தான், 1960 வரைக்கும் அதைவிட நன்றாக அமையவும் இல்லை. அதாவது 21 வயதிலேயே ஆள் திருந்திக்கொண்டு வந்தார், வருகிற வழியில் உட்காரவைத்துவிட்டார்கள். 1957 செப்டம்பர் 29 அன்று, லாஸ் ஏஞ்சலஸுக்கு இடம்பெயர்வதற்கு முன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் ஆடிய கடைசி ஆட்டத்தில் கடைசியாகப் பந்து வீசியவர் கூஃபாக்ஸ். பிறந்த ஊரின் அணி. ஒரே ஒரு இன்னிங்ஸ்.

லாஸ் ஏஞ்சலஸில் கதை வேறு மாதிரி கெட்டது. புது மைதானம் கட்டி முடிக்கும்வரை கொலிசியம் என்ற ஒலிம்பிக் அரங்கத்தில் ஆடினார்கள். தடகளத்துக்கும் அமெரிக்கக் கால்பந்துக்கும் கட்டிய இடத்தில் பேஸ்பாலைத் திணித்ததில் இடப்பக்கச் சுவர் வெறும் 251 அடியில் வந்து நின்றது. 42 அடி உயரத்துக்கு வலை கட்டிச் சமாளித்தார்கள். இடக்கைப் பந்துவீச்சாளரை எதிர்க்க வலக்கை பேட்டர்களைத்தான் அனுப்புவார்கள். அவர்கள் இழுத்து அடிக்கும் பக்கம் இடப்பக்கம். சுமாராகத் தூக்கிவிட்டாலே ஹோம் ரன். அடிக்கவிடாதே என்ற எண்ணம் ஏற்கெனவே ஊறியிருந்த ஒருவருக்கு, அந்தச் சுவர் அந்த எண்ணத்தை ஆணி அடித்து இறுக்கியிருக்கும் என்பது என் ஊகம்.

1958 ஜூலையில் 7 வெற்றி, 3 தோல்வி என்று நன்றாகவே போய்க்கொண்டிருந்தார். முதல் பேஸில் ஒருவரோடு மோதிக் கணுக்கால் பிசகியது. சீசன் 11-11 என்று முடிந்தது. 105 வாக், கேட்சர் பிடிக்க முடியாதபடி போன பந்துகள் 17. அந்தக் கணக்கில் லீகிலேயே முதலிடம். 1959-ல் ஜூன் 22 அன்று பிலடெல்பியாவுக்கு எதிராக 16 ஸ்ட்ரைக் அவுட். ஆகஸ்ட் 31 அன்று சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸுக்கு எதிராக 18, பாப் ஃபெல்லரின் சாதனைக்குச் சமம். உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் 92,706 பேர் பார்க்க ஏழு இன்னிங்ஸ் வீசி ஒரே ஒரு ரன் கொடுத்தார். டாட்ஜர்ஸ் ஒன்றுமே எடுக்காததால் 1-0 என்று தோற்றார். அப்படியும் அடுத்த வருடம் நிரந்தர இடம் இல்லை. 1960-ல் பொது மேலாளர் பஸ்ஸி பவாசியிடம் போய், என்னை வேறு அணிக்கு விற்றுவிடுங்கள் என்றார். நீ பந்தை எல்லைக்குள் போடுவதில்லையே, எப்படி வீசவிடுவது என்று அவர் கேட்க, உட்காரவைத்தால் எல்லைக்குள் போட எப்படிக் கற்றுக்கொள்வேன் என்ற பொருளில் பதில் சொன்னார் கூஃபாக்ஸ். அந்தச் சீசன் 8 வெற்றி, 13 தோல்வி, 197 ஸ்ட்ரைக் அவுட், 100 வாக். குப்பைத்தொட்டிக்குப் போன கையுறை அப்போதுதான்.

இதே காலத்தில் இதே அணியில் இருந்த இன்னொருவரைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். டான் டிரைஸ்டேல், கூஃபாக்ஸைவிட ஏழு மாதம் இளையவர். 1954-ல் சேர்ந்தார், போனஸ் விதியில் மாட்டவில்லை. முதலில் பேக்கர்ஸ்ஃபீல்டில் ஒரு கோடை, பிறகு மாண்ட்ரியலில் ஒரு முழு சீசன் வீசிவிட்டு 1956-ல் புரூக்ளின் வந்தார். 1957-ல் 17 வெற்றி, 9 தோல்வி, ஈ.ஆர்.ஏ. 2.69. 1960 முடிவில் அவர் கணக்கு 66-54. மாண்ட்ரியலில் அவருடைய சீசன் 11-11. கவனியுங்கள், கூஃபாக்ஸின் 1958-ம் 11-11. ஒருவர் அந்தச் சாதாரணமான, கற்றுக்கொள்கிற சீசனை யாரும் பார்க்காத இடத்தில் 19 வயதில் முடித்துவிட்டார். இன்னொருவர் அதை 22 வயதில், பல்லாயிரம் பேர் முன்னால் முடிக்க வேண்டியிருந்தது.

இதற்கு எதிர்வாதமும் உண்டு. அதைத் தள்ளிவிடக் கூடாது. டிரைஸ்டேல் இயல்பிலேயே அவ்வளவு கட்டுப்பாடில்லாதவர் அல்ல. அதைவிடப் பெரிய எதிர்ச்சான்று பிற்காலத்தில் வந்த ராண்டி ஜான்சன். அவரும் இடக்கை, அவருக்கும் அதே வேகம். மைனர் லீகில் முறையாக ஆடிவிட்டுத்தான் மேலே வந்தார். அப்படியும் 1990, 91, 92 மூன்று வருடமும் அமெரிக்கன் லீகில் மிக அதிகமாக வாக் கொடுத்தவர் அவர்தான்: 120, 152, 144. பிறகு மூத்த பந்துவீச்சாளர் நோலன் ரையனும் பயிற்சியாளர் டாம் ஹவுஸும் அவர் கால் ஊன்றுகிற விதத்தில் ஒரு பிழையைச் சுட்டிக்காட்டினார்கள். 1993-ல் வாக் 99 ஆகக் குறைந்தது, ஸ்ட்ரைக் அவுட் 308. அப்போது அவருக்கு 29 வயது. ஆக, மைனர் லீகுக்குப் போயிருந்தால் கூஃபாக்ஸ் 20 வயதிலேயே தேறியிருப்பார் என்று அடித்துச் சொல்ல முடியாது. கட்டுப்பாடு இல்லாமை அவர் கையோடு வந்தது. கல்லூரியிலேயே 32 இன்னிங்ஸுக்கு 30 வாக் கொடுத்தவர். போனஸ் விதி அந்த நோயைத் தரவில்லை. அது குணமாகக்கூடிய இடத்துக்கு அவரைப் போகவிடாமல் தடுத்தது.

இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் 1961 மார்ச் 23 வேறு மாதிரி தெரிகிறது. ஃப்ளோரிடாவில் வசந்தகாலப் பயிற்சி. அணியின் ஒரு பகுதியை மட்டும் ஆர்லாண்டோவுக்கு அனுப்பி மின்னசோட்டா ட்வின்ஸுடன் ஒரு 'பி' ஆட்டம். யார் ஜெயித்தாலும் எங்கும் பதிவாகாத ஆட்டம். வீச வேண்டிய இன்னொரு பந்துவீச்சாளர் விமானத்தைத் தவறவிட்டுவிட்டதால் கூஃபாக்ஸ் வழக்கத்தைவிட நீண்ட நேரம் வீசியாக வேண்டும். கேட்சர் நார்ம் ஷெர்ரி அவருடைய அறைத்தோழர். 1959-ல் மேலே வருவதற்கு முன் மைனர் லீகில் பல வருடம் இருந்தவர்.

முதல் இன்னிங்ஸிலேயே வாக் மேல் வாக், மூன்று பேஸும் நிரம்பிவிட்டன. கூஃபாக்ஸ் பழையபடி கோபத்தோடு வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார். ஷெர்ரி மேட்டுக்குப் போகிறார். இன்றைக்கு நமக்கு ஆள் குறைவு, நீ இப்படி வீசினால் இங்கேயே சாயங்காலம் ஆகிவிடும்; கொஞ்சம் விட்டுக்கொடுத்து வீசு, அவர்கள் அடிக்கட்டும் என்கிற மாதிரி சொல்லிவிட்டுத் திரும்பி வருகிறார். அடுத்த மூன்று பேரும் ஸ்ட்ரைக் அவுட். வேகத்தைக் குறைத்ததாக நினைத்து வீசிய பந்து, முன்பு முழு பலத்தோடு வீசியதைவிட வேகமாக வந்தது என்று ஷெர்ரி பிறகு அவரிடம் சொன்னார். அன்று ஏழு இன்னிங்ஸ் வீசினார் கூஃபாக்ஸ், ஒரு ஹிட்கூட இல்லை.

1955 ஜூனிலும் மூன்று பேஸும் நிரம்பித்தான் இருந்தன. அன்றைக்கு மேஜர் லீக் ஆட்டம், தோற்றுக்கொண்டிருக்கிற அணி, யாரும் வந்து எதுவும் சொல்லாத மேடு. ஆர்லாண்டோவில் முடிவுக்கு மதிப்பில்லாத ஆட்டம், அவசரமில்லாத கேட்சர், நீண்ட நேரம் வீச வாய்ப்பு. மைனர் லீக் என்பது இதுதானே? பேக்கர்ஸ்ஃபீல்டிலும் மாண்ட்ரியலிலும் டிரைஸ்டேலுக்கு வாரம்தோறும் கிடைத்தது கூஃபாக்ஸுக்கு ஆறு வருடம் கழித்து, ஓர் ஆள் விமானத்தைத் தவறவிட்டதால் ஒரு மதியம் கிடைத்தது. ஷெர்ரியின் அறிவுரையில் புதிதாக ஒன்றும் இல்லை. பந்துவீச்சுப் பயிற்சியாளர் ஜோ பெக்கர் உட்படப் பலர் அதற்கு முன்பே அவரோடு மல்லுக்கட்டியிருந்தார்கள். அதைக் கேட்டு, உடனே செய்து பார்த்து, தப்பானாலும் பரவாயில்லை என்றிருந்த இடம்தான் புதிது.

தசைக்கணக்கிலும் இது புரிகிறது. ரொம்ப வேகமாக வீச வேண்டும் என்று நினைக்கும்போது தோளும் முன்கையும் இறுகிவிடும். இறுகிய கை சாட்டைபோலச் சுழலாது. பந்தை விடுகிற நொடியும் ஒவ்வொரு முறையும் மாறிப்போகும். கொஞ்சம் சீக்கிரமே விட்டுவிட்டால் பந்து மேலே பறக்கும். தளர்ந்த கையில் வேகமும் குறையாது, விடுகிற இடமும் நிலையாக இருக்கும்.

அந்த வசந்தத்தில் இன்னும் இரண்டு விஷயங்கள் நடந்தன, அவற்றைப் பேசுவது குறைவு. டாட்ஜர்ஸுக்காகப் புது ஆட்டக்காரர்களைத் தேடும் கென்னி மையர்ஸ், கூஃபாக்ஸ் வீசுவதற்கு முன் உடம்பைப் பின்னால் சாய்க்கும்போது தலையும் கூடவே போய், இலக்கே கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது என்று கண்டுபிடித்தார். சாய்வைக் குறைத்தார்கள். அணியின் புள்ளிவிவரக்காரர் ஆலன் ராத், முதல் பந்து ஸ்ட்ரைக் ஆனால் என்ன நடக்கிறது, பால் ஆனால் என்ன நடக்கிறது என்பதை எண்களோடு காட்டினார். கூஃபாக்ஸும் முந்தைய வருடங்களைவிட நல்ல உடல்நிலையில் வந்திருந்தார். குப்பையில் போட்ட கையுறையை உடைமாற்றும் அறைப் பொறுப்பாளர் நோபி கவானோ எடுத்து வைத்திருந்து அப்போது திருப்பிக் கொடுத்தார்.

எண்களைப் பார்த்தால் மாற்றம் எங்கே நடந்தது என்பது தெளிவாகவே தெரிகிறது. 1960-ல் ஒன்பது இன்னிங்ஸுக்கு 10.1 ஸ்ட்ரைக் அவுட், 5.1 வாக். 1961-ல் 9.5 ஸ்ட்ரைக் அவுட், 3.4 வாக். ஸ்ட்ரைக் அவுட் விகிதம் கூடவில்லை, சற்றுக் குறைந்தே இருக்கிறது! வாக் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போனது. அடிக்கட்டும் என்று விட்டதன் அடையாளம் இது. மைதானம் மாறியதால் வந்த மாற்றம் என்றும் சொல்ல முடியாது. பந்துவீச்சாளருக்குச் சாதகமான டாட்ஜர் ஸ்டேடியம் திறந்தது 1962 ஏப்ரலில். 1961-ல் அதே கொலிசியம், அதே 251 அடிச் சுவர். புது அணிகள் சேர்ந்து பேட்டர்களின் தரம் குறைந்தது என்ற வாதமும் நிற்காது. நேஷனல் லீகில் அணிகள் எட்டிலிருந்து பத்தானதும் 1962-ல்தான். 1962-க்குப் பிறகான அவருடைய வியக்கவைக்கும் ஈ.ஆர்.ஏ.க்களில் மைதானத்துக்கும் 1963-ல் பெரிதாக்கப்பட்ட ஸ்ட்ரைக் எல்லைக்கும் பங்கு உண்டு. 1961-ன் பாய்ச்சல் முழுக்க அவருடையது.

மற்றொரு எண்ணும் அதே அளவு முக்கியம். 1955 முதல் 1960 வரை ஒவ்வொரு வருடமும் அவர் தொடங்கி வீசிய ஆட்டங்கள்: 5, 10, 13, 26, 23, 26. 1961-ல் 35. தேறியதால் வாய்ப்புக் கொடுத்தார்களா, வாய்ப்புக் கொடுத்ததால் தேறினாரா என்றால், இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு போயிருக்கும். ஆனால் 1957 மே மாதத்தின் அந்த இரண்டு வாரத்தை நினைத்தால் என் மனம் இரண்டாவது பக்கமே சாய்கிறது. அந்த 45 நாளும் ஆல்ஸ்டன் அவரை வீசவிட்டிருந்தால், ஆர்லாண்டோ நான்கு வருடம் முன்னாலேயே வேறு ஏதோ ஓர் ஊரில் நடந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

நிர்வாகத்தின் மேல் முழுப் பழியையும் போட முடியாது. விதி இருக்கும்வரை அவர்களுக்கு வேறு வழி இல்லை. கிளெமென்டேயை இழந்த அணி அது. விதிக்கு இரையானவர் கூஃபாக்ஸ் மட்டும் அல்ல. ஹார்மன் கில்லிப்ரூ 1954-ல் வாஷிங்டனில் சேர்ந்து இரண்டு வருடம் பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு மைனர் லீகில் ஆடித் தேறி 1959-ல்தான் நிலைத்தார். டெட்ராய்ட்டின் ஆல் கேலைன் போல நேராக மேலே வந்து 20 வயதில் லீகின் சிறந்த பேட்டிங் சராசரியை எடுத்தவர்களும் உண்டு. அப்படிப்பட்டவர்கள் மிகக் குறைவு. இந்த வடிவிலான விதியை 1958-ல் எடுத்துவிட்டார்கள். ஆனால் விதி முடிந்த பிறகும் நான்கு சீசன் கூஃபாக்ஸை அங்குமிங்குமாக வீசவைத்தது விதி அல்ல. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் ஆல்ஸ்டனும் பவாசியும்.

1961-ல் கூஃபாக்ஸ் 255 இன்னிங்ஸ் வீசினார், 18 வெற்றி, 13 தோல்வி, 269 ஸ்ட்ரைக் அவுட். கிறிஸ்டி மேத்யூசன் 1903-ல் வைத்த 267 என்ற நேஷனல் லீக் சாதனை 58 வருடத்துக்குப் பிறகு விழுந்தது. அடுத்த வருடமே விரலில் ரத்த ஓட்டம் தடைப்பட்டுப் பாதி சீசன் போனது. 1964-லிருந்து இடது முழங்கை மூட்டுவாதம் அவரை விடவே இல்லை. 1966 நவம்பர் 18 அன்று, 27 ஆட்டங்களை வென்ற ஒரு சீசன் முடிந்த கொஞ்ச நாளில், இந்தக் கையோடு மிச்ச வாழ்க்கையும் வாழ வேண்டும் என்று ஓய்வை அறிவித்தார். வயது 30. அவர் வீசியது மொத்தம் பன்னிரண்டு சீசன்கள். அவற்றில் ஆறு, மேலே சொன்ன இந்த ஆறு.